படுத்தாரா, கிடத்தினார்களா? 'லை'யும் 'லே'யும்

கேட்டவர் ஒரு செவிலியர். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது: "நோயாளி கட்டிலில் படுத்திருந்தார் என்று எழுத 'லையிங்' என்று போட வேண்டுமா, 'லேயிங்' என்று போட வேண்டுமா? 'லே' வந்தால் செயப்படுபொருள் வர வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதும்போது கை தடுமாறுகிறது. எங்கள் மருத்துவர்களே நோயாளியிடம் 'லே டௌன்' என்றுதான் சொல்கிறார்கள். எது சரி?"

'லையிங்'தான் சரி. அவசரமாகத் தேர்வுக்குப் போகிறவர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். விதி தெரிந்தும் கை தடுமாறுகிறது என்கிறீர்களே, அதற்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். அந்தத் தடுமாற்றம் உங்கள் குற்றமில்லை. அந்த இரண்டு சொற்களும் ஒரே வீட்டில் பிறந்து, ஒன்றின் சட்டையை மற்றொன்று போட்டுக்கொண்டு திரிகின்றன.

எல்-ஐ-இ என்று எழுதும் 'லை' என்றால் படு, கிட. எல்-ஏ-ஒய் என்று எழுதும் 'லே' என்றால் கிடத்து, இடு, வை. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. நீங்கள் மனப்பாடம் செய்த விதியின் சாரம் இதுதான். ஆனால் 'ஆப்ஜெக்ட்', 'டிரான்சிடிவ்' என்று ஆங்கிலக் கலைச்சொல்லில் படித்தது கையில் ஒட்டாமல் போயிருக்கும். திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டினான், அடங்கியது, அடக்கினாள் என்று தமிழ் வகுப்பில் படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். "பந்தை உருண்டான்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. விதி தெரிந்து அல்ல, காது ஒப்புக்கொள்ளாததால். அந்தக் காதை இரவல் வாங்கினால் ஆங்கிலத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதற்குச் சரியான தமிழ் இணை 'கிட', 'கிடத்து'. எழுதப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் இந்த இரண்டில் ஒன்றை வைத்துச் சொல்லிப் பாருங்கள். கிடந்தால் 'லை'. கிடத்தினால் 'லே'. "எதை? யாரை?" என்று கேட்டுப் பார்க்கும் பழைய வழியும் உதவும். கட்டிலில் படுத்திருந்தார் என்றால் எதைப் படுத்திருந்தார் என்று கேட்க முடியாது. குழந்தையை எடை பார்க்கும் கருவியில் கிடத்தினேன் என்றால் யாரை என்ற கேள்விக்குக் குழந்தையை என்று பதில் வருகிறது. எனவே அங்கே 'லே'.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணச் சுத்தம் பார்ப்பவர்களின் வேலை என்று ஒரு காலத்தில் நானும் நினைத்திருந்தேன். மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்குக்காக மருத்துவமனைச் சம்பவ அறிக்கை ஒன்றைத் தமிழிலிருந்து ஆங்கிலமாக்கினேன். முதியவர் ஒருவர் இரவில் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். "அறைக்குள் சென்றபோது அவர் தரையில் கிடந்தார்" என்பது மூலம். நான் 'வாஸ் லெய்ட் ஆன் தி ஃப்ளோர்' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் வழக்கறிஞரிடமிருந்து தொலைபேசி. "யார் சார் அவரைத் தரையில் கிடத்தியது?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "நீங்கள் எழுதியதைப் படித்தால் யாரோ ஒரு பணியாளர் அவரைத் தூக்கித் தரையில் கிடத்தியதாக அல்லவா இருக்கிறது? எதிர்த்தரப்பு இதை விடுவார்களா?" விழுந்து கிடந்தவரை ஒரே சொல்லில் யாரோ தரையில் போட்டுவிட்டதாக ஆக்கியிருந்தேன். 'வாஸ் லையிங்' என்று திருத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து இந்தச் சொல் வரும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி மணி காதில் ஒலிக்கிறது.

அந்தத் தவறிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. செயப்பாட்டு வினையில் "எதை?" என்ற கேள்வி கைகொடுக்காது. 'வாஸ் லெய்ட்' என்பதற்குப் பின்னால் செயப்படுபொருள் வராது, அது எழுவாயாகி முன்னே போய்விடும். அங்கே "யாரால்?" என்று கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சை மேசையில் நோயாளி கிடத்தப்பட்டார் என்றால் யாரால் என்று கேட்கலாம், பதிலும் உண்டு. அங்கே 'வாஸ் லெய்ட்' சரியானது. தானாகக் கிடந்தவருக்கு அது ஆகாது.

இனி முக்கியமான முடிச்சுக்கு வருகிறேன். நிகழ்காலத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் இவ்வளவு தொல்லை இல்லை. 'லை' என்ற வினையின் இறந்தகாலம் என்ன தெரியுமா? 'லே'. அதே எல்-ஏ-ஒய். "மதியம் சாப்பிட்டதும் அவள் படுத்தாள்" என்பது 'ஷி லே டௌன் ஆஃப்டர் லன்ச்'. இங்கே 'லே' என்பது கிடத்து அல்ல, படுத்தாள். கிடத்து என்ற பொருளுடைய 'லே'வின் இறந்தகாலம் 'லெய்ட்'. "குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்" என்பது 'ஷி லெய்ட் தி பேபி இன் தி கிரேடில்'. இப்போது புரிகிறதா, கை ஏன் தடுமாறுகிறது என்று? ஒரே எழுத்துக்கோவை ஒரு வினைக்கு நிகழ்காலம், இன்னொரு வினைக்கு இறந்தகாலம். விதியை மட்டும் படித்துவிட்டு இந்த ஒரு செய்தியைப் படிக்காதவர்கள் 'லே'வைப் பார்த்ததும் செயப்படுபொருளைத் தேடித் திகைப்பார்கள்.

கேட்டால் வியப்பாக இருக்கும், தமிழிலும் இதே விபத்து நடந்திருக்கிறது, அதுவும் இதே பொருளுடைய சொல்லில். 'படுத்து' என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "படுத்து உறங்கினான்" என்றால் அது படு என்ற தன்வினையின் எச்சம். "பாடாய்ப் படுத்துகிறான்", "அவமானப்படுத்தினான்" என்றால் அதே 'படுத்து' பிறவினையின் வேர். படுத்தான் வேறு, படுத்தினான் வேறு. ஒரு 'இன்' இடையில் வந்து உட்கார்ந்ததும் படுத்துக் கிடந்தவன் பிறரை வதைப்பவனாகிவிடுகிறான். நமக்கு இதில் எள்ளளவும் குழப்பமில்லை. அதே கண்ணோடு 'லே'யையும் 'லெய்ட்'டையும் பாருங்கள்: 'லே' படுத்தான், 'லெய்ட்' கிடத்தினான். சின்ன 'ட்' ஒன்று வந்து ஒட்டினால் பிறவினை.

தமிழில் இன்னொரு வகையும் உண்டு. வளர், சேர், முடி, உடை போன்ற வினைகளில் வேரைப் பார்த்தால் தன்வினையா பிறவினையா என்று தெரியாது. காலம் காட்டும்போதுதான் பிரியும்: வளர்ந்தது, வளர்த்தாள், சேர்ந்தான், சேர்த்தான், உடைந்தது, உடைத்தான். மெல்லினம் வந்தால் தானாக நடந்தது, வல்லினம் வந்தால் யாரோ செய்தது. ஆங்கிலத்தின் இந்த ஜோடி இதற்கு நேர்மாறு. நிகழ்காலத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது, இறந்தகாலத்தில் வந்து மோதிக்கொள்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? ஆங்கிலத்தின் மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியில் பிறவினை செய்ய ஒழுங்கான ஒரு வழி இருந்தது. நம் நன்னூல் வி, பி விகுதிகளைச் சொல்கிறதே, செய் செய்வி, நட நடப்பி என்று, அதைப் போல. ஒரு வினையின் இறந்தகாலத்தில் வரும் உயிரொலியை எடுத்து, அதனோடு யகர ஒலி கொண்ட விகுதி ஒன்றைச் சேர்ப்பார்கள். படு என்பதற்கான வினையிலிருந்து படுக்க வை என்பது இப்படித்தான் பிறந்தது. காலப்போக்கில் அந்த யகரம் தனக்கு முன்னிருந்த உயிரை வளைத்துவிட்டுத் தான் உதிர்ந்துபோனது. பழைய ஆங்கிலத்தில் இவை ஏறக்குறைய 'லிஜ்ஜன்', 'லெஜ்ஜன்' என்று ஒலித்தன. இகரத்துக்கும் எகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு. பிறகு சில நூற்றாண்டு உரசலில் இரண்டும் தேய்ந்து 'லை'யும் 'லே'யும் ஆயின. பிறவினை பிறந்ததே தன்வினையின் இறந்தகால உயிரிலிருந்துதான் என்பதால், இன்றைக்கு அந்த இறந்தகாலமும் பிறவினையும் ஒரே முகமாக இருப்பதில் ஒரு குடும்பச் சாயல் இருக்கிறது. முற்றிலும் தற்செயல் என்று தள்ள முடியாது.

இதே பட்டறையில் வார்த்த மற்ற ஜோடிகளும் ஆங்கிலத்தில் உண்டு. உட்கார் என்னும் 'சிட்'டும் உட்கார வை, அமர்த்து என்னும் 'செட்'டும் அப்படி வந்தவை. எழு என்னும் 'ரைஸ்', எழுப்பு என்னும் 'ரெய்ஸ்' இன்னொரு ஜோடி. இதில் 'ரெய்ஸ்' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தேறியது, ஆனாலும் அதே சூத்திரம்தான். விழு என்னும் 'ஃபால்', வீழ்த்து என்னும் 'ஃபெல்' என்ற ஜோடியில் நம் 'லே' சிக்கல் அப்படியே மறுபடி வருகிறது. 'ஃபெல்' என்றால் விழுந்தது, மரத்தை வெட்டி வீழ்த்து என்பதும் 'ஃபெல்', வீழ்த்தினான் என்றால் 'ஃபெல்ட்'. மரம் விழுந்தது, மரத்தை வீழ்த்தினார்கள். இதில் தவறு செய்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் இந்த வீழ்த்து மரவெட்டிகளைத் தாண்டி அதிகம் புழங்குவதில்லை.

எனக்குப் பிடித்த ஜோடி 'டிரிங்க்', 'டிரெஞ்ச்'. குடி, குடிக்க வை. இன்றைக்கு 'டிரெஞ்ச்' என்றால் தொப்பலாக நனைப்பது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டின் வாயைத் திறந்து மருந்தை உள்ளே ஊற்றுவதை இன்றும் 'டிரெஞ்சிங்' என்றுதான் சொல்கிறார்கள். நம் கிராமங்களில் மூங்கில் குழாயை மாட்டின் கடைவாயில் செருகி மருந்து புகட்டுவார்களே, அதேதான். சொல்லின் பழைய பொருள் தொழுவத்தில் மட்டும் பிழைத்துக்கிடக்கிறது.

இந்த வரலாறெல்லாம் தெரியாமல் வெறும் பழக்கத்தில் வண்டி ஓட்டுவதால்தான் ஆங்கிலேயர்களே 'லை', 'லே'யில் விழுகிறார்கள். உங்கள் மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல வேண்டாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் நாயைப் படுக்கச் சொல்கிறவர்கள் 'லே டௌன்' என்பதை நாள்தோறும் கேட்கலாம். கவிஞர் பைரனே இதில் மாட்டியவர். 1818-இல் வந்த நெடுங்கவிதைப் பகுதி ஒன்றில் கடலை விளித்துப் பாடும்போது, மனிதனைக் கரையில் தூக்கி எறிந்து 'அங்கே கிடக்கட்டும்' என்று முடிக்கிறார். கிடக்கட்டும் என்பதற்கு 'லை' வர வேண்டும். முன்னடிகளில் 'ஸ்ப்ரே', 'பே' என்று வந்துவிட்டதால் எதுகைக்காக 'லே' போட்டுவிட்டார். இரண்டு அடிக்கு மேலே அதே பாட்டில் 'லைஸ்' என்று சரியாக எழுதியும் இருக்கிறார்! நம் புலவர்களும் எதுகைக்காகச் சொல்லை முறுக்கியவர்கள்தாமே, போகட்டும்.

அதே சமயம் தவறு போலத் தோன்றிச் சரியாக இருப்பதும் உண்டு. ஆங்கிலக் குழந்தைகள் படுக்கும் முன் சொல்லும் பழைய வேண்டுதல் ஒன்று, 'நௌ ஐ லே மீ டௌன் டு ஸ்லீப்' என்று தொடங்கும். படுப்பதற்கு 'லே' வருகிறதே என்று பதறாதீர்கள். 'மீ' என்று ஒரு சொல் நடுவில் இருக்கிறது பாருங்கள். "என்னை நான் கிடத்துகிறேன்". யாரை என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, எனவே 'லே' சரி. இந்த 'மீ'யை விட்டுவிட்டுச் சொல்லிப் பழகியதும் குழப்பத்தை வளர்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்னொரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன், தேர்வுத் தாள்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பொய் சொல் என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே எல்-ஐ-இ 'லை'தான். அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டும் தனித்தனி வடிவில் இருக்கின்றன, ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பொய் சொன்னார் என்பதற்கு எல்-ஐ-இ-டி என்று 'ட்' சேர்த்து எழுதுவார்கள். படுத்தார் என்பதற்கு அந்த வடிவம் கிடையவே கிடையாது. "நோயாளி மதியம் படுத்தார்" என்று எழுத நினைத்து எல்-ஐ-இ-டி போட்டால் பாவம், அவர் பொய்யராகிவிடுவார். நிகழ்காலத்தில் தொடர்வினையாக 'லையிங்' என்று வரும்போது இரண்டுக்கும் எழுத்தும் ஒலியும் ஒன்றே. கட்டில் பக்கத்தில் இருப்பதால் பொருள் விளங்கிவிடும்.

'லெய்ன்' என்று மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கிறது, படுத்திருக்கிறார் என்பதற்கு. இலக்கணப்படி சரியானது, ஆனால் எழுதினால் நூறு வருடத்துப் பழைய கடிதம் போல இருக்கும். அதை மனப்பாடம் செய்து வருந்த வேண்டாம். 'ஹேஸ் பீன் லையிங்' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 'லெய்ட்'டின் எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்-ஏ-ஐ-டி. நடுவில் ஒய் வராது.

மனத்தில் நிற்க வேண்டுமென்றால், விதியை விட நீங்கள் ஏற்கெனவே புழங்கும் சொற்களே நல்ல ஆணிகள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் கறிக்கோழியைப் பிராய்லர் என்றும் முட்டைக்கோழியை லேயர் என்றும் சொல்கிறார்கள். அந்த லேயர் இந்த 'லே'தான். கோழி எதை இடுகிறது? முட்டையை. செயப்படுபொருள் கூடையில் உருண்டுகிடக்கிறது. மனை விற்பவர்கள் சொல்லும் லேஅவுட்டும் நிலத்தைக் கோடு போட்டுப் பரப்பி வைப்பதுதான். மறுபக்கம், மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்த தாழ்வான பகுதிகளை ஆங்கிலச் செய்தியில் 'லோ லையிங்' என்பார்கள். நிலம் தானாகத் தாழ்ந்து கிடக்கிறது, யாரும் கிடத்தவில்லை. உங்கள் தொழிலிலேயே 'அண்டர்லையிங் டிசீஸ்' என்று நாளுக்கு நான்கு முறை எழுதுகிறீர்கள். அடியில் கிடக்கும் நோய். அதை யாரும் 'அண்டர்லேயிங்' என்று எழுதிப் பார்த்ததில்லை.

உங்கள் மருத்துவர் 'லே டௌன்' என்றால் நோயாளி படுத்துக்கொள்கிறார், பரிசோதனை நடக்கிறது, யாருக்கும் நட்டமில்லை. பேச்சில் அதைப் போய்த் திருத்தாதீர்கள், மூத்தவர்களிடம் குறிப்பாக. ஆனால் நோயாளிக் குறிப்பேட்டிலும் தேர்வுத் தாளிலும் 'லை'தான் எழுத வேண்டும், காரணம் அந்த வழக்கறிஞரின் கேள்விதான்.

நீங்கள் அனுப்பியிருந்த மூன்று வாக்கியங்களையும் பார்த்தேன். 'பேஷன்ட் வாஸ் லேயிங் ஆன் தி பெட்' என்பதில் 'லையிங்' ஆக்குங்கள். காய்ச்சலால் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தார் என்பதற்கு 'வாஸ் லெய்ட் லோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவறோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள், தவறில்லை. காய்ச்சல்தான் அவரை வீழ்த்தியது, யாரால் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. மூன்றாவதில், செவிலியர் குழந்தையைத் தாயின் மார்பில் 'லே' செய்தார் என்று இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது 'லெய்ட்'.

தாயும் குழந்தையும் வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்றவள் படுக்கையில் ஓய்ந்திருக்கும் காலத்தை ஆங்கிலத்தில் 'லையிங்-இன்' என்பார்கள். எழும்பூரில் இன்று மகப்பேறு மருத்துவமனையாக இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரோடுதான் இருந்தது, 'லையிங்-இன் ஹாஸ்பிட்டல்' என்று. தாய் தானே படுத்திருக்கிறாள், அதனால் 'லையிங்'. அவளுக்குப் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்திய உங்கள் தொழில்காரப் பெண்மணி செய்ததுதான் 'லேயிங்'.